ஜெர்மன் ஒயின் தாளில் பீப்பாயும் வண்டலும்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி: கோவையில் இருந்தபடி ஜெர்மன்–ஆங்கில மொழிபெயர்ப்பு செய்கிறேன். இதுவரை இயந்திரக் கையேடுகள்தான். இப்போது ஏஜென்சி ஒன்று மோசெல் பகுதி ஒயின் பண்ணையின் விவரத் தாள்களையும், ஆஸ்திரிய ஸெக்ட் (நுரைக்கும் ஒயின்) தயாரிப்பாளர் ஒருவரின் விலைப்பட்டியலையும் கொடுத்திருக்கிறது. படிக்கப் போகிறவர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலிய இறக்குமதியாளர்கள். 'அவுஸ்பௌ' என்று வந்த இடமெல்லாம் 'ஏஜிங்' என்று போட்டேன். 'ட்ரோக்கன் அவுஸ்கெபௌட்' என்பது 'ஏஜ்டு டிரை' ஆகிவிட, சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். 'ஃபாஸ்' பேரலா, காஸ்க்கா? 'ஹெஃபெ' என்றால் ஈஸ்ட்தானே? 'ஃபிர்னெ', 'வைன்க்ர்யூன்' இரண்டும் அகராதியில் பிடிபடவே இல்லை. நான் ஒயின் குடிப்பவன் அல்ல. அதனால்தான் தடுமாறுகிறேனா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குடித்துப் பார்க்காதது இந்த வேலைக்குத் தடையில்லை. இப்படிப்பட்ட தாள்களில் பெரும்பகுதி செய்முறைக் குறிப்புதான்: எந்தக் கலத்தில், எதன் மேல், எத்தனை மாதம். இயந்திரக் கையேட்டில் எந்தப் பாகம் எந்த நிலையில் இயங்குகிறது என்று பார்த்து எழுதிப் பழகியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை. உங்களுக்கு வேண்டியது நிலவறையில் நடக்கும் வேலைகளின் வரிசை. அது மனத்தில் இல்லாமல் சொல்லுக்குச் சொல் தேடினால் எவ்வளவு நல்ல அகராதியும் கவிழ்த்துவிடும்.

மோசெல் ரீஸ்லிங்கை, அதாவது அந்த வெள்ளைத் திராட்சை வகையில் செய்த ஒயினை, எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, சில ஆண்டுகளில் நவம்பரிலும், பழம் பறிப்பார்கள். பிழிந்த சாற்றை ஓரிரவு தெளிய விட்டு, எஃகுத் தொட்டியிலோ மரக்கலத்திலோ நொதிக்க விடுவார்கள். சில வாரங்களில் முடிவதும் உண்டு, சில மாதங்கள் இழுப்பதும் உண்டு. நொதிப்பு அடங்கியதும் செத்த ஈஸ்ட்டும் பழத்துகளும் அடியில் கனமாகப் படியும். இது பருவண்டல். மேலே நிற்கும் ஒயினை வேறு கலத்துக்கு இறுத்தால், கூடவே வந்த நுண்துகள் மெல்லக் கீழே இறங்கும். இது நுண்வண்டல். அதன் மேல் சில மாதம் கிடந்த பிறகு வடிகட்டி, பெரும்பாலும் அடுத்த ஆண்டு வசந்தத்திலோ கோடையிலோ புட்டியில் அடைப்பார்கள். புட்டிக்குள் நடக்கும் மாற்றம் அதற்குப் பிந்தைய தனிக்கணக்கு. ஆகப் பழம், நொதிப்பு, கலம், புட்டி என்று நான்கு கட்டங்கள். தாளில் வரும் ஒவ்வொரு ஜெர்மன் சொல்லும் இவற்றில் எதைச் சொல்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

'அவுஸ்பௌ' உங்களை அலைக்கழித்ததற்குக் காரணம், அது ஒரே கட்டத்துக்குள் அடங்குவதில்லை. பொது ஜெர்மனில் சாலையை அகலப்படுத்துவதும் அவுஸ்பௌ, மாடியில் அறை எடுப்பதும் அவுஸ்பௌ. இயந்திர மொழிபெயர்ப்பு மரப்பீப்பாயில் 'எக்ஸ்பான்ஷன்' நடந்ததாகக் கூசாமல் எழுதுவது அதனால்தான். ஒயின்காரர்களுக்கு அது, இளம் ஒயினைப் புட்டிக்குப் போகும்வரை வளர்த்தெடுக்கும் வேலை முழுவதும். பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளை வளர்ப்பதற்கும் ஆடுமாடு வளர்ப்பதற்கும் சொல்லும் வினையிலிருந்து பிறந்த 'எலெவாஜ்' என்ற சொல்லையே இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கென ஒற்றைச் சொல் அமையவில்லை. இன்னொரு சிக்கல், பல பண்ணைகள் நொதிப்பையும் சேர்த்தே அவுஸ்பௌ என்கின்றன. ஒயினை எந்தப் பாணியில் முடித்தார்கள் என்பதையும் அதே வினைச்சொல்தான் சுமக்கிறது.

எனவே அதற்கு ஒரே ஆங்கிலச் சொல்லைப் பூட்டிவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். மரக்கலம் நின்றால் 'மெச்சூர்டு இன்'. 'ஏஜ்டு இன்' என்றாலும் தவறில்லை. துருப்பிடிக்காத எஃகு, அதாவது 'ஏடெல்ஷ்டால்' நின்றால் 'வினிஃபைடு இன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'. 'ஏஜ்டு' என்று கேட்டதும் ஆங்கில வாசகர் வேண்டுமென்றே முதிர வைத்த ஒயினை நினைப்பார். எஃகில் வைப்பதோ பெரும்பாலும் புதுமை கெடாமல் காப்பதற்காக. நொதிப்பும் வைப்பும் இரண்டும் எஃகில்தான் என்று பண்ணை உறுதி சொன்னால் 'ஃபெர்மென்டட் அண்ட் மெச்சூர்டு' என்று விரித்து எழுதலாம்.

'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாத 'டிரை', நின்றால் பேச்சு காலத்தைப் பற்றியே இல்லை. 'வினிஃபைடு டிரை' அல்லது 'மேட் இன் எ டிரை ஸ்டைல்' போதும். சிலர் இதைத் திருத்துகிறேன் என்று 'ஃபெர்மென்டட் டு டிரைனெஸ்' என்று எழுதிவிடுவார்கள். அது வேறு தவறு. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் அது ட்ரோக்கன். மொத்த அமிலம் சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையாமல் இருந்தால் 9 கிராம் வரைகூடப் போகலாம். அமிலம் மிகுந்த மோசெல் ரீஸ்லிங்கில் 7, 8 கிராம் சர்க்கரையோடு ட்ரோக்கன் என்று எழுதியிருப்பது சாதாரணம். அது கடைசிச் சொட்டுவரை நொதித்த ஒயின் என்று நீங்கள் எழுதினால், அதே தாளின் அடியில் இருக்கும் ஆய்வு எண்ணே உங்களைப் பொய்யாக்கும். மூலத்தில் 'டுர்ஹ்கெகோரன்' (முழுவதும் நொதித்தது) என்று இருந்தால் மட்டும் அந்தத் தொடர் சரி.

'ரெடுக்டீவ் அவுஸ்கெபௌட்' என்பதிலும் கவனம் வேண்டும். காற்றுப் படாமல் காத்து வளர்த்தார்கள் என்பது பொருள். பண்ணை அதைப் பெருமையாகச் சொல்கிறது. ஆங்கிலச் சுவைக் குறிப்பில் 'ரிடக்டிவ்' என்றால் கந்தக வாடை அடிக்கிறது என்று பலர் படிப்பார்கள். ஜெர்மனில் அந்த வாடைக்கு 'பொக்ஸர்' என்று தனிச்சொல் இருக்கிறது, எனவே அவர்களுக்குக் குழப்பமில்லை. விற்பனைத் தாளில் 'காற்றுப் படாமல் செய்யப்பட்டது' என்ற பொருளில் விளக்கமாகவே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து 'ஃபாஸ்'. இங்கேதான் பணம் சம்பந்தப்பட்ட தவறுகள் நடக்கின்றன, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜெர்மனில் ஃபாஸ் என்பது 225 லிட்டர் சிறு பீப்பாயாகவும் இருக்கலாம், ஆள் உள்ளே நுழைந்து கழுவும் பல ஆயிரம் லிட்டர் மரக்கலமாகவும் இருக்கலாம். ஒயினைப் பற்றிப் பேசும்போது ஆங்கில 'பேரல்' சிறியதையே நினைவூட்டும், பெரியது 'காஸ்க்'. இது வெறும் அளவுப் பிரச்சினை இல்லை. கலம் சிறியதானால் ஒவ்வொரு லிட்டர் ஒயினுக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடும். மரத்தின் வெனிலா, வறுத்த வாசனை, துவர்ப்பு எல்லாம் அதிகம் இறங்கும், காற்றும் அதிகம் புகும். மோசெலின் 'ஃபூடர்' ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும் ஓக் கலம், பத்து இருபது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது, உள்சுவரில் ஒயின் உப்புப் படிகம் ஏறியிருப்பது. அது மரவாசனை எதையும் தராது. அந்த ரீஸ்லிங்கை 'பேரல் ஏஜ்டு' என்று எழுதினால் லண்டன் வணிகர் வெனிலா வாசனையை எதிர்பார்த்து வாங்குவார், அல்லது அதே காரணத்துக்காக வாங்காமல் விடுவார். இரண்டுமே பண்ணைக்கு நஷ்டம்.

ஃபூடரை மொழிபெயர்க்க வேண்டாம். முதல் முறை வரும்போது 'ட்ரெடிஷனல் 1,000-லிட்டர் ஓக் காஸ்க்' என்று ஒட்டு விளக்கம் கொடுத்துவிட்டு, அதன்பின் ஃபூடர் என்றே எழுதுங்கள். ரைன்காவ் பகுதித் தாள் கைக்கு வந்தால் 'ஷ்ட்யூக்' என்று இருக்கும்: 1,200 லிட்டர். 'ஹால்ப்ஷ்ட்யூக்' 600, 'டோப்பெல்ஷ்ட்யூக்' 2,400. அகராதியில் ஷ்ட்யூக் என்றால் துண்டு, உருப்படி. அதே பண்ணையின் விலைப்பட்டியலில் பெட்டிக்கு 6 ஷ்ட்யூக் என்றும் வரும், அது 6 புட்டி. இதை பிரெஞ்சு 'பியெஸ்' ஆக்கிவிடவும் கூடாது. பர்கண்டியின் பியெஸ் 228 லிட்டர் சிறு பீப்பாய். 225 லிட்டர் சிறு பீப்பாயான 'பாரிக்' அப்படியே நிற்கட்டும், ஒயின் வணிகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

உங்கள் வாசகர்களில் ஆஸ்திரேலியர்கள் இருப்பதால் ஓர் எச்சரிக்கை. அங்கே 'காஸ்க் ஒயின்' என்றால் அட்டைப்பெட்டிக்குள் பையில் அடைத்த மலிவு ஒயின். 1965இல் தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை பெற்ற பெட்டியிலிருந்து வந்த வழக்கு. ஆகவே வெறும் 'காஸ்க்' என்று தனியாக விடாமல் 'லார்ஜ் ஓல்டு ஓக் காஸ்க்ஸ்' என்று முழுமையாக எழுதுங்கள்.

'ஓக்' என்று சேர்க்கும் முன்பும் ஒரு நொடி யோசியுங்கள். மூலத்தில் 'ஹோல்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது மரம், அவ்வளவுதான். ஆஸ்திரியாவில் அகாசியா மரக்கலமும் உண்டு. அங்கிருந்து வந்த தாளில் நீங்களாக ஓக் போடுவது, தயாரிப்பாளர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொல்வது. கேட்டுவிட்டு எழுதுங்கள், பதில் வரவில்லை என்றால் 'உட்' என்றே விடுங்கள்.

பீப்பாயின் வயதைச் சொல்லும் சொல் 'பெலேகுங்'. அகராதி 'ஆக்குப்பன்ஸி' என்று தங்கும் விடுதிக் கணக்குச் சொல்லும். எத்தனையாவது முறையாக அந்தப் பீப்பாயில் ஒயின் நிரப்பப்படுகிறது என்பதுதான் இங்கே பொருள். 'எர்ஸ்ட்பெலேகுங்' என்றால் புதுப் பீப்பாய். 'ட்ஸ்வைட்பெலேகுங்' இரண்டாம் நிரப்பு, அதாவது முன்பு ஒரு முறை பயன்பட்டது. 'டிரிட்டெ பெலேகுங்' மூன்றாம் நிரப்பு. முன்பு இரு முறை பயன்பட்டது. ஒன்று குறைத்து எண்ண வேண்டிய இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். 'செகண்ட்-ஃபில்' என்பது ஒயின் வணிகத்தில் புரியும். ஆனால் விஸ்கிக்காரர்கள் 'ஃபர்ஸ்ட்-ஃபில்' என்றால் முன்பு ஷெர்ரியோ போர்பனோ இருந்த பீப்பாயில் முதல் முறை விஸ்கி ஊற்றுவதைச் சொல்வார்கள். இரண்டையும் விற்கும் இறக்குமதியாளருக்கு 'நியூ', 'ஒன்ஸ்-யூஸ்டு', 'ட்வைஸ்-யூஸ்டு' என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

'வைன்க்ர்யூன்' என்பதில் பச்சை நிறம் எதுவும் இல்லை. புதுக் கலத்தை நீராலும் நீராவியாலும் ஊறவைத்து, முரட்டுத் துவர்ப்பை வெளியேற்றி, ஒயினுக்குப் பழக்கிய நிலை அது. புதிதாக வாங்கிய மண்சட்டியைச் சோறு வடித்த கஞ்சி ஊற்றிப் பழக்குவோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். ஆங்கிலத்தில் 'சீசன்டு காஸ்க்'. தாளின் நோக்கம் மரவாசனை இல்லை என்று சொல்வதாக இருந்தால் 'நியூட்ரல்' என்பதையும் சேர்க்கலாம்.

இதில் சட்டமும் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/33 எண் ஒழுங்குமுறை, மரக்கலத்தில் நொதித்த அல்லது முதிர்ந்த ஒயினை லேபிளில் எப்படிக் குறிக்கலாம் என்று ஐந்தாம் இணைப்பில் பட்டியல் போடுகிறது. ஆங்கிலத்தில் 'பேரல் ஃபெர்மென்டட்', 'பேரல் மெச்சூர்டு', 'பேரல் ஏஜ்டு', அதேபோல 'காஸ்க்' வரிசை. ஓக் சீவல் போட்டு வாசனை ஏற்றிய ஒயினுக்கு, அது கூடவே மரக்கலத்தில் இருந்திருந்தாலும், இந்தச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. பண்ணை தன் மூலத்தில் 'மிட் ஹோல்ட்ஸ்சிப்ஸ்' என்று நேர்மையாக எழுதியிருக்க, நீங்கள் அழகுக்காக 'ஓக் பேரல்' என்று திருப்பினால் சிக்கல் அவர்களுக்கு. விவரத் தாளின் வாசகம் பின்னால் அப்படியே புட்டியின் பின் லேபிளுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தே எழுதுங்கள். பெரும்பாலும் போகும்.

'ஹெஃபெ' அகராதிப்படி ஈஸ்ட்தான். இதற்கு ஓர் எளிய விதி உண்டு: நொதிப்பு முடியும்வரை ஈஸ்ட், முடிந்தபின் 'லீஸ்', அதாவது வண்டல். 'ரைன்ட்ஸுஹ்ட்ஹெஃபெ' கடையில் வாங்கிய வளர்ப்பு ஈஸ்ட், 'கல்ச்சர்டு யீஸ்ட்'. தோட்டத்திலும் நிலவறையிலும் தானாக இருக்கும் ஈஸ்ட்டில் நொதிக்க விட்டால் 'ஷ்போன்டான்கேருங்'. அதற்கு 'ஆம்பியன்ட் யீஸ்ட்' என்ற சொல் 'வைல்டு' என்பதைவிட அடக்கமானது, எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் 'அவுஃப் டெர் ஹெஃபெ' என்று வந்தால் 'ஆன் தி லீஸ்', 'ஃபைன்ஹெஃபெ' வந்தால் 'ஃபைன் லீஸ்'. பருவண்டலான 'ஃபோல்ஹெஃபெ' என்பதற்கு நிலையான சொல் 'கிராஸ் லீஸ்'. அமெரிக்கப் பொது வாசகருக்கு 'கிராஸ்' என்றால் அருவருப்பு என்றும் காதில் விழும், அதனால் நுகர்வோர் தாளில் 'ஃபுல் லீஸ்' என்று எழுதுவோர் உண்டு. வணிகருக்கான தாளில் கிராஸ் லீஸே சரி. விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 'ஹெஃபெப்ராண்ட்' இருந்தால் அது ஒயின் வண்டலைக் காய்ச்சி வடித்த சாராயம். ஈஸ்ட் சாராயம் இல்லை. சுவைக் குறிப்பில் 'ஹெஃபிக்' வந்தால் மட்டும் விதி கொஞ்சம் வளையும்: 'யீஸ்டி' என்றே எழுதலாம்.

இனி உங்கள் ஆஸ்திரியப் பட்டியல். அதில் 'ஹெஃபெலாகர் 24 மொனாட்டெ' என்று இருந்தால் 24 மாதம் கிடங்கில் கிடந்தது என்று பொருளில்லை. புட்டிக்குள் இரண்டாம் நொதிப்புக்கு அடைத்த நாளிலிருந்து வண்டலை நீக்கிய நாள்வரை எண்ணும் கணக்கு. '24 மந்த்ஸ் ஆன் தி லீஸ்' போதும். வண்டலைப் புட்டிக் கழுத்துக்குக் கொண்டுவரச் சுழற்றிச் சாய்ப்பது 'ர்யூட்டெல்ன்', ஆங்கிலத்தில் 'ரிட்லிங்'. அதை வெளியேற்றுவது 'டெகோர்ஜியெரன்', 'டிஸ்கோர்ஜ்மென்ட்'. ஸெக்ட் ஆஸ்திரியா என்ற சட்டப் பெயரில் மூன்று படிகள் உண்டு: அடிப்படைப் படிக்கு வண்டல் மேல் குறைந்தது 9 மாதம், ரிசர்வுக்கு 18, 'க்ரோஸெ ரிசர்வ்' 36. இந்தப் படிப்பெயர்கள் பாதுகாக்கப்பட்டவை. 'கிராண்ட் ரிசர்வ்' என்று ஆங்கிலப்படுத்தினால் சட்டப் பெயரை அழித்ததாகும். எண்ணைப் பக்கத்தில் கொடுத்துப் பெயரை அப்படியே விடுங்கள்.

'ரைஃபெ' என்ற சொல்லைத் தமிழில் சொன்னால் பக்குவம். பழத்துக்கும் பக்குவம், ஒயினுக்கும் பக்குவம். ஜெர்மனும் நம்மைப் போலவே ஒரே சொல்லில் சமாளிக்கிறது, ஆங்கிலம் பிரிக்கிறது. பழம் என்றால் 'ரைப்', ஒயின் என்றால் 'மெச்சூர்'. 'லேஸெரைஃபெ' பறிக்கும் பருவம், 'பிஸியோலோகிஷெ ரைஃபெ' விதையும் தோலும் முற்றிய நிலை, இரண்டும் 'ரைப்னெஸ்'. 'ஃப்ளாஷென்ரைஃபெ' புட்டிக்குள் வந்த முதிர்ச்சி, 'ட்ரிங்க்ரைஃபெ' குடிக்கத் தயாரான நிலை. 'ரைஃபெ ஸொய்ரெ' என்று வந்தால் அது பழுத்த பழத்திலிருந்து வந்த உறுத்தாத அமிலம், 'ரைப் அஸிடிட்டி'. 'மெச்சூர் அஸிடிட்டி' என்று யாரும் சொல்வதில்லை.

'லாகர்', 'லாகெ' இரண்டும் எழுத்தளவில் அண்ணன் தம்பி, பொருளில் தொடர்பே இல்லை. லாகர் என்றால் இருப்பு, வைப்பு. லாகெ என்றால் திராட்சைத் தோட்டத்தின் குறிப்பிட்ட நிலப்பகுதி. 'லாகென்வைன்' அந்த ஒரு நிலத்துப் பழத்தில் செய்தது, 'சிங்கிள்-வின்யார்ட் ஒயின்'. அவசரத்தில் அதை 'ஸ்டோரேஜ் ஒயின்' ஆக்கிவிடுவது நடக்கும். 'க்ரோஸெ லாகெ' என்பது ஜெர்மனியின் உயர்தர ஒயின் பண்ணைகள் சேர்ந்த ஃபவ்.டே.பே. கூட்டமைப்பின் தரப்பெயர், தொட வேண்டாம். 'லாகர்ஃபேயிக்' என்பது இன்னும் பல ஆண்டு வைக்கலாம் என்ற பாராட்டு: 'ஏஜ்வர்தி', அல்லது 'வில் ஏஜ் வெல்'. 'ஸ்டோரபிள்' என்று எழுதினால் வெங்காய மூட்டை விற்பது போலிருக்கும்.

'ஃபிர்னெ' என்பது ஒயின் முதிர்ந்ததால் வரும் மணமும் சுவையும். வெள்ளை ஒயினில் தேன், காய்ந்த பழம், சில நேரம் கொட்டை வாசனை. நல்ல பொருளிலா கெட்ட பொருளிலா என்பதைச் சூழல்தான் சொல்லும். முன்னால் 'ஏடெல்' சேர்ந்தால் ஐயமில்லை, பாராட்டுதான்: 'ஃபைன் பாட்டில்-ஏஜ்டு கேரக்டர்' என்ற போக்கில் எழுதலாம். வெறும் 'ஃபிர்னிக்' என்றால் யார் எழுதியது என்று பாருங்கள். எந்தப் பண்ணையும் தன் ஒயின் காலம் கடந்துவிட்டது என்று தன் விலைப்பட்டியலில் எழுதாது. அங்கே 'டெவலப்டு' பொருந்தும். ஏலக் குறிப்பிலோ தர ஆய்வு அறிக்கையிலோ வந்தால் 'டயர்டு', 'பாஸ்ட் இட்ஸ் பெஸ்ட்' என்பதே உண்மையாக இருக்கக்கூடும். பழைய ரீஸ்லிங்கின் 'பெட்ரோல்நோட்டெ' ஆங்கிலத்திலும் 'பெட்ரோல்'தான். டி.டி.என். என்று சுருக்கிச் சொல்லும் ஒரு சேர்மத்திலிருந்து வருவது. அமெரிக்க வாசகருக்காக அதை 'கேஸலின்' ஆக்க வேண்டாம், ஒயின் எழுத்தில் அந்த வழக்கமில்லை.

பெயரில் முதுமை இருந்தும் முதுமையோடு தொடர்பில்லாத சொல் ஒன்று: 'உன்ட்யூபிஷெ ஆல்டெருங்ஸ்நோட்டெ', சுருக்கமாக உ.டே.ஆ. ஆங்கிலத்தில் இதற்கு நிலையான பெயர் 'அடிபிகல் ஏஜிங்', சுருக்கம் ஏ.டி.ஏ. இது குறைபாடு. வறட்சியிலும் தழைச்சத்துப் பற்றாக்குறையிலும் தவித்த கொடியின் பழத்தில் செய்த வெள்ளை ஒயின், சில மாதங்களிலேயே அந்துருண்டை, ஈரத்துணி போல வாடை அடிக்கத் தொடங்கும். காரணமான சேர்மம் 2-அமினோஅசிட்டோஃபினோன். இதை 'வயதுக்கு ஒவ்வாத நறுமணம்' என்கிற மாதிரி நயமாக எழுதினால் குறை பாராட்டாகிவிடும்.

'பே.எஸ்.ஆ.' என்ற சுருக்கம் 'பியோலோகிஷர் ஸொய்ரெஆப்பௌ'. கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது. 'மலோலாக்டிக் ஃபெர்மென்டேஷன்' என்பதே அதன் ஆங்கிலம். ஜெர்மனில் 'பியோலோகிஷ்' என்பதற்கு இயற்கை வேளாண்மை என்ற பொருளும் இருப்பதால், இயந்திரம் இதை 'ஆர்கானிக் அமிலக் குறைப்பு' என்று மாற்றியதைப் பார்க்கலாம். அதே தாளில் 'பியோலோகிஷர் ஆன்பௌ' என்று வந்தால் அது உண்மையிலேயே இயற்கை முறைச் சாகுபடிதான். ஆன்பௌ, அவுஸ்பௌ, ஆப்பௌ மூன்றும் ஒரே பக்கத்தில் வரும், கண் தடுமாறும். தேடல் கட்டளை கொடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. 'ஆப்ஷ்டிஹ்' வண்டலிலிருந்து இறுத்தல், 'ராக்கிங்'. 'ஷோனுங்' தெளிவூட்டல், 'ஃபைனிங்', அழகுபடுத்தல் அல்ல. 'ஷாட்ஸ்காமர்' பட்டியல் பண்ணை பத்திரமாக வைத்திருந்த பழைய ஒயின்கள், 'லைப்ரரி ஒயின்ஸ்'. 'ஸ்யூஸ்ரெஸெர்வெ' முதிர்ந்த ரிசர்வ் ஒயினே இல்லை. இனிப்புக்காகச் சேர்க்க வைத்திருக்கும் நொதிக்காத திராட்சைச் சாறு. 'கூட்ஸ்ஆப்ஃப்யூலுங்' 'எஸ்டேட் பாட்டில்டு', ஆனால் 'எர்ட்ஸொய்கர்ஆப்ஃப்யூலுங்' கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்துவது, அதற்கு 'ப்ரொட்யூஸர் பாட்டில்டு'. அமெரிக்காவில் 'எஸ்டேட் பாட்டில்டு' என்பதற்குத் தனிச் சட்ட வரையறை உண்டு, ஒயின் அங்கே போகுமானால் இறக்குமதியாளரைக் கேட்காமல் லேபிளில் வைக்க வேண்டாம்.

'ஷ்பேட்லேஸெ', 'அவுஸ்லேஸெ', 'கபினெட்' போன்ற தரப்பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. இவை சாற்றின் இனிப்புச் செறிவை வைத்து வகுத்தவை, முதிர்ச்சியோடு சம்பந்தமில்லை. கபினெட்டின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. ரைன்காவின் எபர்பாக் மடத்தில் சிறந்த ஒயின்களைத் தனியே வைத்த அறைக்கு 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இருந்தது. ஆகப் பழைய ஆவணங்களில் அது உயர்ந்த இருப்பைக் குறிக்கும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது இந்தத் தரப்பெயர்கள் அடங்கிய 'பிரெடிக்காட்' வரிசையின் ஆக மெல்லிய படி. பழைய ஏலப் பட்டியல் ஏதாவது உங்களிடம் வந்தால் ஆண்டைப் பார்க்காமல் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும் கூட்டல் கணக்கு ஒன்று போடுங்கள். ஜெர்மன் தர ஒயின் புட்டிகளில் 'ஆ.பே.' என்ற அரசு ஆய்வு எண் இருக்கும். அதன் கடைசிப் பகுதி ஆய்வு நடந்த ஆண்டு. பறிப்பு 2022 அக்டோபர், பாரிக்கில் 18 மாதம் என்றால் புட்டியில் அடைத்தது 2024 வசந்தத்துக்கு முன்னால் இருக்க முடியாது. எண் 23 என்று முடிந்தால் மாதக் கணக்கோ ஆண்டோ தவறு. அது மூலத்தின் தவறாகவும் இருக்கலாம், பழைய தாளை நகலெடுத்து ஆண்டை மட்டும் மாற்றும் பழக்கம் பண்ணைகளிடம் உண்டு. நீங்களாகத் திருத்தாமல் குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். 'ஷ்போன்டான் ஃபெர்கோரன், இம் வைன்க்ர்யூனென் ஃபூடர் அவுஸ்கெபௌட், பிஸ் ஏப்ரில் அவுஃப் டெர் ஃபோல்ஹெஃபெ.' இதற்கு: 'ஃபெர்மென்டட் வித் ஆம்பியன்ட் யீஸ்ட்ஸ் அண்ட் மெச்சூர்டு இன் எ சீசன்டு ஃபூடர், எ ட்ரெடிஷனல் 1,000-லிட்டர் ஓக் காஸ்க், ரிமெய்னிங் ஆன் தி கிராஸ் லீஸ் அன்டில் ஏப்ரல்.' நொதிப்பும் ஃபூடரிலேயே நடந்ததா என்பதை மூலம் சொல்லவில்லை, நம் வாக்கியமும் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா இரண்டுக்கும் 'ஏஜிங்' என்பதை 'இ' சேர்த்தே எழுதுங்கள். கந்தகத்துக்கான ஆங்கிலச் சொல்லை பிரிட்டனில் 'எஃப்' இல்லாமல் 'பி', 'எச்' எழுத்துகளோடு எழுதுவதே வழக்கம். ஏஜென்சிக்கு எழுதும்போது பண்ணையிடம் கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில், ஒயின் ஒயினாக வரிசை போட்டு அனுப்புங்கள்: கலத்தின் கொள்ளளவு, மரம் எது, எத்தனையாவது நிரப்பு, நொதித்ததும் அதிலேயா, வண்டலிலிருந்து எடுத்த மாதம், புட்டியில் அடைத்த மாதம். ஆகஸ்டுக்குள் அனுப்பிவிடுங்கள். பறிப்பு தொடங்கிவிட்டால் நவம்பர்வரை அவர்களிடமிருந்து பதில் எதிர்பார்க்க முடியாது.